முழு மாத்திரை

டக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தையல் பிரிக்கும் பாதி பிளேடை மாத்திரையின் நடுவில் நிறுத்தி, மேலே மரஸ்கேலால் ஒரே ஒரு தட்டு. வீட்டுக்காரர் தன்னுடைய ரத்தக்கொதிப்பு மாத்திரையை இரண்டாக்கிவிட்டார்.

“ஏங்க, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?” என்றாள், மெஷினை நிறுத்தாமல்.

“மீதியைச் சாயங்காலம் போட்டுக்கறேன்.”

“எந்த வருஷத்துச் சாயங்காலம்?”

அவர் ஒரு பாதியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மறுபாதியைப் பட்டன் டப்பாவின் மூடியில் வைத்தார். வெட்டிய இடம் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. தெருவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கத்திரியைக் கையில் எடுத்த நாளிலிருந்து ஒரு துணியைக்கூடக் கோணலாக வெட்டியதில்லை என்பதுதான் அவருக்கிருந்த ஒரே கர்வம். அந்தக் கர்வத்தைத் துணியோடு நிறுத்திக்கொண்டால் என்ன என்பது அவளுடைய கேள்வி.

சத்தம் கேட்டதும் வெட்டும் மேஜைக்கு அடியில் அவர்கள் நாய் பாபின் எழுந்து நின்றது. வாலை ஆட்டிய ஆட்டில், சுற்றிக் கட்டியிருந்த பலகைத் தடுப்பு முழுக்க ஆடியது.

“பாருங்க, எழுந்தாச்சு. அது படுத்தே கிடக்கணும்னு டாக்டரம்மா தலையில அடிச்சுக்காத குறையா சொன்னாங்க. நீங்க என்னடான்னா தட்டி எழுப்பிக்கிட்டு இருக்கீங்க.”

“என்னைப் பார்த்துட்டு எழுந்திருக்குது. நான் என்ன பண்ணட்டும், மூஞ்சியைக் கழட்டி வைக்கவா?”

“உங்களைப் பார்த்து இல்ல. அந்தப் பாழாப்போன பிளேடு சத்தத்தைக் கேட்டு.”

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். “படுடா ராஜா. உங்கம்மா இன்னிக்கு நம்ம ரெண்டு பேரையும் ஒரே துணியில வெட்டறா” என்றார். பாபின் படுத்தது. அதற்குள் கடைக்கதவின் மணி அடித்தது. முந்தின நாள் வாங்கிப்போன கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது என்று ஒருவர் கொதித்துக்கொண்டு வந்து நின்றார். அவள் எழுந்து அவரிடம் போனாள். மாத்திரைப் பேச்சு அத்தோடு நின்றது.

அவ்வளவுதான் நடந்தது. சண்டை என்றுகூட அதைச் சொல்ல முடியாது. கடை திறந்ததும் கூட்டித் தண்ணீர் தெளிப்பது போல அவர்கள் தினமும் செய்கிற காரியம் அது.

பாபின் அப்படிப் படுத்தே கிடக்க நேர்ந்ததற்கும் அந்த பிளேடுதான் காரணம்.

பால் மறந்த குட்டியாக அது இவர்களிடம் வந்தது. துணிக்கடையிலிருந்து சரக்கு இறக்க வந்த வண்டிக்காரர், அட்டைப் பெட்டிக்குள் ஏதோ கத்துகிறது என்று திறந்து பார்த்துவிட்டு, “மாஸ்டர், இது பில்லுல இல்ல, நீங்களே வெச்சுக்குங்க” என்று இறக்கிவைத்துப் போனார். பிள்ளை இல்லாத வீடு. வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. கீழே கடை, மேலே குடியிருப்பு. அன்று முழுவதும் தன் வாலைத் தானே துரத்திச் சுற்றிக்கொண்டிருந்ததால், மெஷினில் சுழலும் நூல் உருளை மாதிரி, பாபின் என்று பெயர் வைத்தார் மாஸ்டர்.

மறுநாளே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனார்கள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிற டாக்டரம்மா. தடுப்பூசி போட்டார். பிறகு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

“இதயப்புழுவுக்கு. கொசுவால வர்றது. வந்தபிறகு வைத்தியம் ரொம்பக் கஷ்டம், வராம தடுக்கிறது ரொம்பச் சுலபம். மாசம் ஒண்ணு, மாசம் தவறாம. குட்டி வளர வளர எடை ஏறும், இந்த மாத்திரை பத்தாது. எடை பார்த்து அடுத்த அட்டைக்கு மாத்தணும். கூட்டிட்டு வாங்க.”

“சரிங்க டாக்டரம்மா” என்றார் மாஸ்டர். அவர் சரி என்று சொன்னால் பயப்படவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று அவள் கவனம் குட்டி மேஜையில் விட்டிருந்த ஈரத்தின் மேல் இருந்தது.

மாஸ்டர் வீட்டில் எல்லோருமே பாதி ஆட்கள். முழு மாத்திரை உடம்புக்கு ஆகாது, சூடு என்பது அவர்கள் பரம்பரைக் கொள்கை. அவருடைய அக்கா இருமல் மருந்து மூடியில் பாதியை ஊற்றிக் குடித்துவிட்டு, இருமல் நிற்கவில்லை என்று டாக்டரைத் திட்டுவாள். ஆபரேஷன் என்று படுக்க வைத்தாலும் பாதியில் போதும் என்று எழுந்து வந்துவிடுகிற குடும்பம். மாஸ்டர் அதற்குத் தொழில் ரீதியாக ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

“நாம துணி வெட்டும்போது தையலுக்குன்னு கொஞ்சம் கூட விடறோம்ல? அதே மாதிரி டாக்டருங்களும் கூட விட்டுத்தான் எழுதுவாங்க. அதை நாம மடிச்சு உள்ள தள்ளிக்கணும்.”

இதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதலாம் போல இருக்கும். ஆனால் அவர் மடித்து உள்ளே தள்ளுவது தன்னுடைய மாத்திரையை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மாதத்தில் ஒரு நாள் அந்த டக் சத்தம் இரண்டு முறை கேட்டதை யார் கவனித்தார்கள்? கடையில் மெஷின் ஓடும், இஸ்திரிப்பெட்டி சீறும், ரேடியோ பாடும். அவர் ரொட்டித் துண்டில் பாதியை ஒளித்துப் பாபினுக்கு ஊட்டுவார். சத்தம் கேட்டால் ரொட்டி வரும் என்று குட்டியும் பழகிக்கொண்டது. எங்கிருந்தாலும் ஓடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிடும். எடை பார்க்கக் கூட்டிப் போகவேண்டும் என்று அவள் நினைவுபடுத்தும்போதெல்லாம், “நான் அளவெடுக்காத உடம்பா?” என்று டேப்பை எடுத்து நாயின் மார்பைச் சுற்றிப் பிடித்துக் காட்டுவார்.

கடைக்குப் பின்னால் ஒரு சாக்கடை. பொழுது சாய்ந்தால் கொசு அப்பும். துண்டுத் துணிக் குவியலில்தான் பாபினுக்குப் படுக்கை.

ஒரு வயது ஆனபோது அது இருமத் தொடங்கியது. பெரிய இருமல் இல்லை. தொண்டையில் ஏதோ மாட்டியதைச் செருமி எடுக்கிற மாதிரி ஒரு சின்ன சத்தம்.

“நூல் மாட்டியிருக்கும்” என்றார் மாஸ்டர்.

அதை அவளும் நம்பினாள். தையல் கடையில் இருமாத ஜீவன் ஏது? பஞ்சும் பிசிறும் மூக்கில் ஏறி, அவர் இருமுவார், இவள் இருமுவாள், பட்டன் துளைக்குக் காஜா எடுக்க வருகிறவர் இருமுவார். நாய் மட்டும் இருமக்கூடாதா? ஆனால் பிறகு அது படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் மேலே ஏறி, அவளுக்கு முன்னால் போய் நின்று ‘இன்னுமா வரல?’ என்று பார்க்கும். இப்போது நடுப்படியில் உட்கார்ந்து நாக்கைத் தொங்கப்போட்டது. பந்தை எறிந்தால் போய் எடுத்தது. திரும்பக் கொண்டுவராமல் அங்கேயே அதன் பக்கத்தில் படுத்தது. சாப்பாட்டில் மிச்சம் வைத்தது. வெயிலில் நிற்கும்போது விலா எலும்பு தெரிந்தது.

“ஏங்க, நூல் மாட்டினா விலா எலும்பு தெரியுமா?”

“வளர்ற வயசு. நீளமாகும்போது ஒல்லியாத்தான் ஆகும்.”

“நூல் மாட்டினா படி ஏற முடியாதா?”

“சோம்பேறி. உன்னை மாதிரி.”

அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு அவளே தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மாஸ்டர் பின்னாலேயே, “பஞ்சுக்காக டாக்டர்கிட்டப் போறவளை இப்பத்தான் பார்க்கிறேன்” என்று முனகிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு முன்னங்காலில் ரத்தம் எடுத்து ஒரு வெள்ளைப் பட்டையில் சொட்டுவிட்டார். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கோடு தெரிந்தது. ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டபோது, பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு எழும்பியது.

“புழு இருக்கு” என்றார் டாக்டரம்மா. “இதயத்துலயும் நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்லயும்.”

“மாத்திரை குடுத்தோமே!” என்றாள் அவள்.

“மாசாமாசம்?”

“தவறாம.” இது மாஸ்டர்.

“முழு மாத்திரை?”

மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தேவைக்கு மேலேயே துடைத்தார். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“வெட்டினீங்களா?” என்றாள். “இதுக்குமா வெட்டினீங்க?”

“சின்னக் குட்டிதானேன்னு…”

“அப்புறம் பெருசானதுக்கு?”

“அட்டை மீதி இருந்துச்சு…”

ஆக, குட்டியாக இருந்தபோது கொடுக்கவேண்டியதில் பாதி. வளர்ந்த பிறகோ தேவையில் அந்தப் பாதிகூட இல்லை. அவளுக்குச் சிரிப்பு வரும் போலவும் இருந்தது, ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது. டாக்டரம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார். புழு உள்ள நாயைக் கடித்த கொசு இன்னொரு நாயைக் கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை உள்ளே விடுகிறது. அவை உடம்புக்குள்ளேயே மெல்ல நகர்ந்து வளர்ந்து இதயத்துக்கு வந்துசேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை ரத்தப் பரிசோதனையில்கூடத் தெரியாது; நாயும் துள்ளிக்கொண்டிருக்கும். மாதாமாதம் கொடுக்கும் மாத்திரை, போன மாதம் நுழைந்த குஞ்சுகளை வளர்வதற்கு முன்பே கொன்றுவிடும். அளவு குறைந்தால் தப்பிப் பிழைத்தது வளர்ந்துகொண்டே போகும்.

படத்தில் இதயத்தை வெட்டித் திறந்து காட்டியிருந்தார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று நீள நீளமாகச் சுருண்டு கிடந்தன.

“நூல்” என்றார் மாஸ்டர், மெதுவாக. “நூல்தான்னு நான் சொன்னேன்.”

“வாயை மூடுங்க” என்றாள் அவள்.

“தையலுக்கு விடறதுன்னு நினைச்சேன் டாக்டரம்மா” என்றார் அவர். என்ன சொல்கிறார் என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். விளக்க விளக்க அவளுக்கே அது அவமானமாக இருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“இதுல தையலுக்கு விடறதெல்லாம் கிடையாது மாஸ்டர். எடைக்குச் சரியா அளந்து வெட்டினது. நீங்க அதையும் வெட்டினா சட்டை போடவே முடியாது.”

வைத்தியம் நீளமானது. முதலில் சில வாரம் மாத்திரைகள், கூடவே தடுப்பு மாத்திரையும். பிறகு முதுகுத் தசையில் ஊசி, இடைவெளி விட்டு மறுபடியும் ஊசி. ஊசிகூடப் பெரிதில்லை, அதற்குப் பிறகுதான் ஆபத்து என்றார் டாக்டரம்மா. செத்த புழுக்கள் துண்டு துண்டாக நுரையீரலுக்குப் போகும். அந்தச் சமயத்தில் நாய் ஓடினால், குதித்தால், குரைத்து ஆர்ப்பாட்டம் செய்தால், ரத்த ஓட்டம் வேகமாகித் துண்டுகள் போய் அடைத்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே விழுந்துவிடலாம். ஆகவே வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருக்கவேண்டும்.

“பாபினையா?” என்றாள் அவள். “அசையாமலா?”

வாழ்க்கையில் அவளுக்கு இதைவிட அபத்தமான காரியத்தை யாரும் சொன்னதில்லை. கடைமணி அடித்தால் அது குரைக்கும். குரைக்காதே என்று இவள் கத்தினால், விளையாட்டு என்று நினைத்துக் குதிக்கும். கத்தாமல் கையைக் காட்டினால் கையைப் பிடிக்கப் பாயும். மாஸ்டர் வெட்டும் மேஜைக்கு அடியில் பழைய அலமாரிப் பலகைகளைச் சுற்றிக் கட்டி அறை செய்தார். தரையில் மெத்தை தைத்துப் போட்டார். மெத்தைக்கு உறை தைத்தார். உறைக்கு ஓரத்தில் அழகுக்கு ஒரு பைப்பிங் கரை வைத்தார்.

“மகாராஜாவுக்குப் பட்டன் வைக்கலியா?” என்றாள்.

“வெச்சா கடிச்சு முழுங்கிடும்.”

வெளியே போக, காலையும் மாலையும் அவரே தூக்கிக்கொண்டு போனார். ஊசிக்குப் பிறகு பாபின் கொஞ்சம் கனத்தும் போயிருந்தது. பின்வாசலில் இரண்டு படி. அவர் முழங்கால் அவரை வைதுகொண்டே இறங்கும். “நான் தூக்கறேன் குடுங்க” என்றால், “நான் வெட்டினது, நானே தூக்கறேன்” என்பார். தடுப்பு மாத்திரையை முழுதாகத்தான் கொடுத்தார். கொடுத்த பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்ப்பார். ஆனால் அதிலும் ஒரு தொல்லை. பிளேடு சத்தம் கேட்காவிட்டால் பாபின் ரொட்டியை நம்புவதில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். முழு மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டு, வெறும் மேஜையில் பிளேடை நிறுத்தி ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவார். உடனே விழுங்கிவிடும்.

“நாய் திருந்திடுச்சு. நீங்க எப்பத் திருந்துவீங்க?” என்று கேட்டாள் ஒருநாள். “உங்க மாத்திரையை முழுசா போடறதுக்கு என்ன?”

“எனக்கு என்ன புழுவா இருக்கு?”

“கொழுப்பு இருக்கு.”

“சரி, நாளையிலிருந்து” என்றார்.

அந்த மாத்திரைப் பேச்சு நடந்த அன்று, கடைசி ஊசி போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆபத்தான நாட்கள் இவைதான் என்று டாக்டரம்மா நினைவுபடுத்தியிருந்தார். கால்சட்டைக்காரரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு அவள் மெஷினில் உட்கார்ந்தாள். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாஸ்டர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, “கொஞ்சம் தண்ணி குடேன்” என்றார். குரலில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவள் வரிசையை முடித்து, நூலை அறுத்து, எழுந்து தண்ணீர் கொண்டுவந்தபோது அவர் விரித்த துணிமேல் நெற்றியை வைத்திருந்தார். டேப் கழுத்திலேயே தொங்கியது. தூங்குகிறாரோ என்றுதான் நினைத்தாள். கீழே பாபின் பலகை இடுக்கில் மூக்கை விட்டு அவர் காலை முகர்ந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டர் உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார். “மாத்திரையைப் பாதி பாதியாத்தான் போட்டுக்கிட்டு இருந்தார். அதனாலயா?” என்று அவள் கேட்டாள். “அப்படிச் சொல்ல முடியாதும்மா” என்றார். அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் அவரைக் கொண்டுவந்து கடையில் கிடத்தினார்கள். மாடிக்கு ஏற்ற வழி இல்லை. தெரு முழுக்கக் கூடிவிட்டது. ஒவ்வொருவர் கதவைத் திறக்கும்போதும் மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் பாபின் எழுந்து குரைத்தது. அவள் எழுந்துபோய் நாற்காலி மேல் ஏறி, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, கத்திரியால் மணியின் கயிற்றை வெட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்து மேஜை ஓரம் தரையில் உட்கார்ந்தாள். அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டது என்று யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

அப்போது அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். வாசலிலேயே, “என் தம்பி!” என்று அவள் போட்ட சத்தத்தில் பாபின் பலகையில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்துவிட்டது.

“அண்ணி, உட்கார்ந்து அழுங்க. சத்தமில்லாம அழுங்க.”

“என்னடி சொல்றே?”

“நாய் குதிக்கக்கூடாது. குதிச்சா செத்துப்போயிடும்.”

“என் தம்பியே போயிட்டான். நாய் இருந்தா என்ன, போனா என்ன?”

அவளுக்கு அழுகை வரவில்லை. மதியத்திலிருந்து அடக்கிவைத்திருந்தது எல்லாம் கோபமாகவே வந்தது.

“உங்க தம்பி அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு தினமும் தூக்கிட்டு இறங்கினது இன்னிக்கு இது சாகறதுக்காகவா அண்ணி? அவர் செஞ்ச வேலை பாதியில நிக்குது. அவர் வேலை ஒண்ணாவது முழுசா முடியட்டும்.”

அக்கா வாயை மூடிக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஆனால் நல்லது செய்ய வருகிறவர்களைத்தான் தடுக்க முடிவதில்லை. அவள் முகம் கழுவ மேலே போன நேரத்தில், இடம் போதவில்லை என்று நான்கு பேர் சேர்ந்து மேஜையை நகர்த்தினார்கள். பலகை சரிந்தது. பாபின் வெளியே பாய்ந்தது. துணி போர்த்திக் கிடந்தவரை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்தது. அவர் என்று அதற்குத் தெரியவில்லையோ என்னவோ, அவரைத் தேடிக்கொண்டு மாடிப்படியில் ஏறி ஓடியது. மேலே கதவைத் திறந்தவளின் காலடியில் வந்து நின்றது. இருமியது. மறுபடி இருமியது. வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை தெரிந்தது. கால்கள் பரப்பிக்கொண்டு விழுந்தது.

“யாரு நகர்த்தச் சொன்னது? யாரு தொடச் சொன்னது?” என்று படியிலிருந்து அவள் போட்ட கூச்சலில் கீழே இருந்த அழுகை நின்றுவிட்டது.

அவள் அதை இரண்டு கைகளிலும் வாரி எடுத்தாள். இத்தனை கனமா? இதையா அந்த மனுஷன் தினம் தூக்கினார்? ஒவ்வொரு படியாகக் காலைத் துழாவி வைத்து இறங்கினாள். கீழே அவருடைய அக்கா, மாஸ்டரின் போனை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாய் டாக்டர் நம்பர் என்னன்னு போட்டு வெச்சிருக்கான்? சொல்லுடி, சீக்கிரம்!”

“கண்ணாடியம்மான்னு இருக்கும் பாருங்க.”

டாக்டரம்மா வீட்டுச் செருப்போடு வந்தார். மெத்தையில் கிடந்த பாபினுக்கு ஊசி போட்டார். மின்விசிறியைத் திருப்பி வைக்கச் சொன்னார். மூச்சை எண்ணினார். பிறகும் எண்ணினார். கூட்டத்தை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவருடைய அக்காவை மட்டும் பலகை இருந்த இடத்தில் தடுப்பாக உட்காரவைத்தார். நல்ல அகலமான தடுப்பு. அக்கா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையை நாயின் முதுகில் வைத்தபடி, தம்பியைப் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதாள்.

இருட்டுவதற்கு முன்னால் மூச்சு நிதானப்பட்டது. “இப்போதைக்குத் தப்பிச்சுது” என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் அவர் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டார்.

அவள் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். “பாதி பாதியாப் போட்டதாலயா டாக்டரம்மா?”

“நான் நாய் டாக்டர்ம்மா” என்றார் அவர். அந்த ஒரு பதில்தான் அவளை அன்று எரிச்சல்படுத்தவில்லை.

பிறகு அவளே தூக்கினாள். காலையும் மாலையும், கெடு முடியும்வரை. வேலைக்கு ஒரு வெட்டுக்காரரை வைத்துக் கடையை நடத்தினாள். அவர் வெட்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. பட்டன் டப்பாவைக் கவிழ்த்தபோது அடியில் பாதி மாத்திரைகள் கொட்டின. சில பழசாகி மஞ்சளாகியிருந்தன. அத்தனை சாயங்காலமும் அதற்குள்தான் கிடந்திருக்கிறது. அவ்வளவு நேராக வெட்டிய பாதிகளை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. மனுஷன் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு கைப்பிடி அள்ளி வாசலுக்குப் போனவள், நாய் கீய் தின்றுவிடும் என்று திரும்பி வந்து, மருந்துக்கடையில் கொடுத்து அழித்துவிடச் சொன்னாள்.

பல மாதம் கழித்து டாக்டரம்மா மறுபடி அந்த வெள்ளைப் பட்டையில் ரத்தத்தைச் சொட்டினார். ஒரு கோடு வந்தது. அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டாவது கோட்டுக்காகக் காத்திருந்தாள். டாக்டரம்மா நேரமாகிவிட்டது, போகலாம் என்றபிறகும் காத்திருந்தாள். வரவில்லை.

“சுத்தமாயிடுச்சு. ஆனா மறுபடி கொசு கடிச்சா மறுபடி வரும். மாசாமாசம்…”

“முழுசா” என்றாள் அவள். “எடை பார்த்து.”

இப்போது கடைக்கு வருகிறவர்களில் யாராவது நாய்க்குட்டி வாங்கியிருக்கிறோம் என்று வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். அளவெடுத்துக்கொண்டே ஆரம்பித்துவிடுவாள். எத்தனை மாதக் குட்டி? இதயப்புழு மாத்திரை ஆரம்பித்தாயிற்றா? எடை எப்போது பார்த்தீர்கள்? வீட்டுக்குள்ளேயே இருக்கிற குட்டிக்கு எதுக்கு என்று கேட்டால், கொசு என்ன கதவைத் தட்டிவிட்டா வருகிறது என்பாள். இருமினால் பஞ்சு, தூசி என்று நீங்களாகவே வைத்தியம் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்பாள். சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் பேந்தப் பேந்த விழித்துவிட்டுப் போவார்கள். அவருடைய அக்கா மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் தங்குகிறாள். போன முறை, சாப்பாட்டுக்குப் பிறகு தன்னுடைய சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, “அந்த பிளேடை எங்கடி வெச்சே?” என்று கேட்டாள்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிளேடைக் கொடுக்கவில்லை. முழு மாத்திரையை அண்ணி விழுங்கி, வாயைத் திறந்து காட்டும்வரை எதிரிலேயே நின்றாள்.

பிளேடு மேஜையில்தான் இருக்கிறது, மரஸ்கேலுக்குப் பக்கத்தில். எடுத்து வைத்துவிடலாம் என்றால் முடியவில்லை. மாதம் பிறந்தால் பாபினுக்கு மாத்திரை கொடுக்கவேண்டும். ரொட்டிக்குள் முழு மாத்திரையை வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். கெஞ்சிப் பார்க்கிறாள். கோழித்துண்டைக் காட்டிப் பார்க்கிறாள். பின்வாசலில் படுத்த இடத்திலிருந்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறது. கடைசியில் வேறு வழியில்லாமல், வெட்ட ஒன்றுமில்லாத வெறும் மேஜையில் பிளேடை நிறுத்தி, ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுகிறாள். அந்தச் சத்தத்துக்குத்தான் அது இன்னும் எழுந்து வருகிறது.